தில்லையம்பலம் என்று கூப்பிட்டார்கள், இரண்டு பேர் எழும்பினோம்

"தியாம்பலம்!" என்று கூப்பிட்டாள் வரவேற்பு மேசையில் இருந்த பெட்டை.

நான் எழும்பினேன். நான் சலரோகக்காரன், இரத்தத்தில் சீனி. வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டவேண்டும் என்று டொக்டர் கட்டளை. கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் அந்தக் கண் மருத்துவ நிலையத்துக்கு நான் பழைய வாடிக்கை. என் முழுப்பெயர் வைத்திலிங்கம் தில்லையம்பலம். பிரெஞ்சு வாய்க்குள் போய் வெளியே வரும்போது அது தியாம்பலம் ஆகிவிடும். அதற்கெல்லாம் கோபித்தால் இந்த ஊரில் சீவிக்க முடியாது.

ஆனால் எழும்பியவன் நான் மட்டும் இல்லை. எதிர் வரிசையில், சன்னலோரம், ஊதா நிறக் குளிர்க்கோட்டோடு இருந்த ஒரு மனுசியும் எழும்பினாள். நரைத்த கொண்டை. காதில் வைரத்தோடு. வலது கண்ணில் புரை வெள்ளையாகத் தெரிந்தது.

பெட்டை எங்களை மாறி மாறிப் பார்த்தாள். வேலைக்குப் புதியவள். முதற்பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் முறை, ஆனால் தமிழ்ப் பெயரில் பாதியைச் சொன்னதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பிறகு முகம் முழுக்கச் சிரிப்போடு பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓ! நீங்கள் சகோதரனும் சகோதரியுமா?"

இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. மனுசியும் என்னைப் பார்த்தாள். நல்ல கண்ணைச் சுருக்கி, தலையைச் சரித்துப் பார்த்தாள். அட கோதாரி, சரோஜினி!

என் கழுத்தில் கிடந்த கம்பளிச் சால்வை என்னைக் கேளாமலே இறங்கிக் கைக்கு வந்துவிட்டது.

அவள் ஓம் என்று சொல்வாளா, இல்லை என்று சொல்வாளா? இந்தக் கிழமைப் பத்தியில் நான் எழுத வந்தது அவ்வளவுதான். ஆனால் சால்வை ஏன் இறங்கியது என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அந்தப் பெட்டை கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

பெயர் சொல்லாத வாய்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் பிறக்கிராசியார் தில்லையம்பலம் என்றால் அப்படியொரு பெயர். பிறக்கிராசி என்றால் அந்தக் காலத்து வழக்கறிஞர். நீதிமன்றத்துக்குப் போக மோட்டார் கார், கோயிலில் முதல் காளாஞ்சி, ஊரில் வேலிச் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல அவர் வீட்டு விறாந்தை. அவர் கலியாணம் முடித்தபோது பெண் வீட்டிலிருந்து சீதனமாக வயல் வந்தது, தோட்டம் வந்தது, கறவைப் பசு வந்தது. நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாக்கியம் என்று ஒரு பெட்டையும் வந்தாள். அவளும் சீதனம்தான். அவள்தான் என் அம்மா.

அடிமை முறையை வெள்ளைக்காரன் சட்டம் போட்டு எடுத்து எத்தனையோ காலம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எடுத்திருப்பான். எங்கள் வளவுக்கு ஒருத்தரும் வந்து சொல்லவில்லை. அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது. விட்டுப் போக ஒரு இடமும் கிடையாது. பின்வளவுக் கொட்டிலில் நான் பிறந்தேன், பசுக்கன்று பிறந்தால் யாருக்குச் சொந்தமோ அவர்களுக்கே நானும் சொந்தம்.

நாங்கள் என்ன சாதி என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் கதையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வீர்கள். எனக்கு எங்கள் ஆட்களைத் தெரியும்.

அவரை நயினார் என்று சொல்ல வேண்டும். மனைவியை நாச்சியார். அவர்களுடைய ஒரே மகள் சரோஜினி சின்ன நாச்சியார். அவள் என்னைவிட இளையவள், அவள் தவழ்ந்ததைப் பார்த்தவன் நான், ஆனாலும் நாச்சியார்தான். அவர்கள் எதிர்ப்பட்டால் தோளில் கிடக்கிற துண்டு கைக்கு வந்துவிட வேண்டும். இப்போது விளங்குகிறதா சால்வையின் கதை?

நயினாருடைய பெயரை மட்டும் எங்கள் வாய் சொல்லவே கூடாது. ஆரும் கேட்டால் "பெரிய வளவு" என்று கையைக் காட்டலாம், அவ்வளவுதான். என் அம்மாவுக்கு நல்ல குரல். மா இடிக்கும்போது தேவாரம் பாடுவாள். பாட்டில் தில்லையம்பலம் என்று வருகிற இடத்தில் பெயரை விட்டுவிட்டு ம்ம்ம் என்று ராகத்தை மட்டும் இழுப்பாள். சிதம்பரத்துச் சிவபெருமானே எங்கள் வளவில் பெயரில்லாமல்தான் இருந்தார்.

ஒருநாள் நான் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, என்ரை ஐயா ஆர்?"

அம்மா உலக்கையை நிறுத்தவில்லை. "நாச்சியாற்றை அறையிலை நிலைக்கண்ணாடி இருக்கு. துடைக்கப் போகேக்கை உன்ரை மூக்கைப் பார். அது சொல்லும்."

துடைக்கப் போனேன், பார்த்தேன். கொக்கி போட்டது மாதிரி வளைந்த மூக்கு. கண்ணாடிக்கு மேலே சுவரில் கோட்டுப் போட்ட பிறக்கிராசியாரின் படம். அதிலும் அதே கொக்கி. எனக்கு அழுகை வரவில்லை, உண்மையைச் சொன்னால் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய இரகசியத்தை முகத்தின் நடுவில் வைத்துக்கொண்டு ஊரே பேசாமல் திரிகிறதே என்று.

ஆனால் ஊர் வாயை எத்தனை நாளைக்கு மூட முடியும்? சரோஜினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. அவளுக்கு மேலே குடை, எனக்கு மேலே வெயில். ஆனால் வாயாடிப் பெட்டை, வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வருவாள், விளாங்காய் கிடைத்தால் பாதி தருவாள். ஒருநாள் சந்தியில் நின்ற ஒரு கிழவன் எங்களைப் பார்த்துவிட்டு, "பாருங்கோவன், இரண்டுக்கும் ஒரே மூக்கு" என்று உரக்கச் சொன்னான். சந்தியே சிரித்தது.

அடுத்தநாள் குடை வேறொருவன் கைக்குப் போனது. என்னைத் தூரத்துப் புகையிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சரோஜினியோடு நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

கூரை விழவில்லை

தோட்டத்திலிருந்து கொழும்புக்கு ஓடியது, சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தது, கலவரம், பூமணி என்ற மகராசி என்னைக் கட்டியது எல்லாம் முந்திய கிழமைகளில் எழுதிவிட்டேன். விட்டுப்போனது ஒன்றுதான். மிராபெல் விமான நிலையத்தில் நான் வாய் திறந்த கதை.

பனிக்காலம். அகதி என்று சொல்லி இருவரும் நிற்கிறோம். மொழிபெயர்க்க ஒரு அம்மா வந்திருந்தார், சென்னைக்காரர், இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். பட்டுப்போன்ற குரல்.

"அவங்களுக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு வேணுமாம். நம்ம பக்கம் அப்படி எதுவும் கிடையாதுல்ல, அப்பா பேரைத்தான் போடுவாங்க. உங்க அப்பா பேரு என்னங்க?"

என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச்சனம் ஒருத்தரும் இல்லை.

"தில்லையம்பலம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"தில்லையம்பலம்."

உத்தியோகத்தருக்குப் பிடிபடவில்லை. காதைக் கொண்டுவந்து என் வாயருகே வைத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு காலம் அடைத்து வைத்ததை ஒருமுறை சொல்வதே பெரிய பாடு, இந்த மனுசன் திரும்பத் திரும்பக் கேட்கிறானே! "தில்லையம்பலம்!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு குழந்தை வீரிட்டது. பூமணி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கூரை விழவில்லை. நாக்கு அழுகவில்லை. உத்தியோகத்தர் முத்திரையைக் குத்திவிட்டு, "மெர்சி, மிசியு தியாம்பலம்" என்றார். அவருக்கு அது வெறும் பெயர். எனக்கு வெளியே வந்து அந்தக் குளிரிலும் வேர்த்தது.

பிறக்கிராசியார் கக்கூஸ் கழுவினார்

டோர்வல் விமான நிலையத்தில்தான் முதல் வேலை, துப்புரவு. எங்கள் மேற்பார்வையாளருக்கு இடிமுழக்கக் குரல். பயணிகள் போகிற மண்டபத்தின் ஒரு கோடியில் நின்று, "தியாம்பலம்! பெண்கள் கக்கூஸ் அடைச்சுப்போச்சு, ஓடு!" என்று பிரெஞ்சில் கத்துவார். நான் வாளியோடு சிரித்துக்கொண்டே ஓடுவேன். இவனுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம் என்று கூட வேலை செய்த ஹெயிட்டிக்காரர்களுக்கு விளங்காது.

வீட்டுக்குப் போய் பூமணியிடம் சொல்வேன். "இண்டைக்குப் பிறக்கிராசியார் எட்டுக் கக்கூஸ் கழுவினவர்."

"பாவம் அந்த மனுசன். ஒருநாளைக்கெண்டாலும் லீவு குடுங்கோவன்" என்பாள் பூமணி.

தொடக்கத்தில் பழிவாங்குகிற மாதிரித்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் ஒரு பெயரை எத்தனை வருடத்துக்கு அடிக்கலாம்? சம்பளக் காசோலையில் அந்தப் பெயர். வாடகை வீட்டு மணியில் அந்தப் பெயர். மகன் ஹொக்கி விளையாடப் போனபோது சட்டையின் முதுகில், ஒரு தோளில் தொடங்கி மறுதோள் வரைக்கும் வளைந்து, கடைசி எழுத்துகள் அக்குளுக்குள் போய் மறைந்தது அந்தப் பெயர். அவன் கோல் அடித்தான், அரங்கமே தியாம்பலம் தியாம்பலம் என்று கத்தியது. நானும் எழும்பி நின்று கத்தினேன். அன்றைக்குத்தான் அது என் பெயராகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒருநாள் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். "அண்ணை, உங்கடை ஊர்ப் பிறக்கிராசியாற்றை மகள் சரோஜினி இஞ்சை வந்திட்டா. புருசன் செத்துப்போச்சு. லொங்குய்யிலை மகளோடை இருக்கிறா."

ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் லொங்குய்ய். மஞ்சள் லைன் மெத்ரோவில் ஏறினால் ஆற்றுக்கு அடியால் போய்க் கொஞ்ச நேரத்தில் இறங்கலாம். நான் ஏறவில்லை. கோயிலுக்குப் போனாலும் கூட்டம் வடியும் வரை வெளியே காரில் இருந்துவிடுவேன். "என்ரை ஐயாவின்ரை பெயரைக் களவெடுத்தவன் நீயோ?" என்று நாலு பேருக்கு முன்னால் அவள் கேட்டால் நான் என்ன செய்வேன்? நான் மட்டுமா, என் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பூமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆர் ஆரிட்டைக் களவெடுத்தது? அவையெல்லே உங்களிட்டையும் மாமியிட்டையும் எல்லாத்தையும் களவெடுத்தவை. நீங்கள் ஏன் காருக்குள்ளை ஒளிக்கிறியள்?"

நியாயம்தான். ஆனால் நியாயம் தெரிந்தால் பயம் போய்விடுமா?

இன்னொரு விசயத்தை நான் யோசிக்கவே இல்லை. அவள் கலியாணம் முடித்தவள், புருசன் பெயரோடுதான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். கியூபெக்கில் அந்தக் கதையே கிடையாது. இங்கே பெண்ணுக்குப் புருசன் பெயர் ஒட்டாது, சுகாதார அட்டையிலும் பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆகவே வயதான ஒரு ஆணும் பெண்ணும் ஒரே பெயரோடு எழும்பினால் இந்த ஊர்ப் பிள்ளைகள் புருசன் பெண்சாதி என்று நினைக்க மாட்டார்கள். நேராக இரத்த உறவுக்குத்தான் போவார்கள்.

நண்பர், அயலவர், ஆரானாலும் சரி

பெட்டை இன்னும் காத்திருக்கிறாள்.

"நோன், நோன், மாதாம்!" என்று நான்தான் முந்திக்கொண்டேன். "அப்படி ஒன்றும் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று." நாச்சியாருக்கு ஒரு சங்கடம் வருமுன் நாங்கள் குறுக்கே விழ வேண்டும் என்பது வளவுப் பழக்கம். கண்டம் தாண்டியும் அது போகவில்லை, மண்ணாங்கட்டி!

சரோஜினியின் முறைதான் வந்திருந்தது, அவள் மேசைக்குப் போனாள். நான் இருந்துவிட்டேன். சுவரைப் பார்க்கிற மாதிரிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவளுக்குப் புரை எடுக்கிற ஒப்பரேசன். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆள் வந்து நின்றால்தான் டொக்டர் தொடங்குவார். மகள் நிரோஷா கார்டரி ஒன்றில் குழந்தைகளைப் பார்க்கிறவள், காலையில் தாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வரலாம் என்றால் மாற்றுக்கு வரவேண்டியவள் வரவில்லை. குழந்தைகளைத் தனியே விட முடியாது. சரோஜினி தொலைபேசியில் "பரவாயில்லைப் பிள்ளை, பரவாயில்லை" என்று சொல்வது கேட்டது.

இன்றைக்கு முடியாவிட்டால் வேறு நாள் தருவோம், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்றாள் பெட்டை. சரோஜினி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணால் அவளுக்கு மேசைகூடச் சரியாகத் தெரியவில்லை.

எனக்கு இருக்க முடியவில்லை. என் கண்ணைப் பிறகு காட்டலாம் என்று எழும்பிப் போனேன். "நான் நிற்கிறேன். நான் கூட்டிப்போகிறேன்" என்றேன் பிரெஞ்சில்.

பெட்டைக்கு நிம்மதி. ஆனால் முதலில் பட்ட சூட்டினால் இந்தமுறை அவதானமாகக் கேட்டாள். "நீங்கள் இவருக்கு யார் என்று பதிய வேண்டும். நண்பர், அயலவர், யாரானாலும் சரி."

நான் சரோஜினியின் பக்கம் சரிந்து மெல்லச் சொன்னேன். "தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லுவம், சின்ன நாச்சியார். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது." சொல்லிவிட்டுப் பெட்டையிடம் வாயைத் திறந்தேன்.

"நீ வாயை மூடு, வைத்தி!"

என்ன குரல் அது! பெரிய வளவின் குரல். மண்டபமே நிமிர்ந்தது. என் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. அந்தக் குரலுக்கு மூடிப் பழகிய வாய்.

சரோஜினி இரண்டு கையையும் மேசையில் ஊன்றினாள். வந்தேறிகளுக்கான வகுப்பில் படித்த பிரெஞ்சைத் தேடித் தேடி எடுத்தாள். "மோன் ஃப்ரேர்" என்றாள். என் சகோதரன். அது போதாது என்று பட்டதோ என்னவோ, கையை என் தலை உயரத்துக்கு உயர்த்தி, "கிரான்! கிரான் ஃப்ரேர்!" என்றாள். மூத்தவன்.

"ஆனால் இவர் இல்லை என்றாரே?" என்றாள் பெட்டை.

சரோஜினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இல் எ ஃபூ" என்றாள். அவருக்கு விசர், பைத்தியம் என்று அர்த்தம்.

சனம் சிரித்தது. பெட்டை சிரித்துச் சிரித்துப் பதிந்தாள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், ஆனால் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண் ஆஸ்பத்திரி என்றபடியால் ஒருத்தரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டு பயந்தாங்கொள்ளிகள்

கண்ணுக்கு மருந்து விட்டுக் கொஞ்சநேரம் இருக்க விட்டார்கள். அவள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். நான் எழும்பப் பார்த்தேன், கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"உன்னைக் குடைக்கு வரவிடாமல் நிப்பாட்டினவை எல்லே, அண்டைக்கு அம்மாட்டைக் கேட்டனான். ஏன் எனக்கும் வைத்திக்கும் ஒரே மூக்கு எண்டு."

"ஐயோ! பேந்து?"

"பேந்து என்ன. அகப்பைக் காம்பு முறியுமட்டும் அடி. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கேல்லை. ஆனால் விளங்கீட்டுது."

அந்த அடி எனக்காக விழுந்த அடி என்று நான் அறியவே இல்லை.

"இஞ்சை வந்தாப்போலை உன்னைப்பற்றிக் கேள்விப்பட்டனான்" என்றாள். "ஐயாவின்ரை பெயரோடை இருக்கிறாய் எண்டும் சொன்னவை."

"கோவமோ?"

"கோவமோ? அந்த மனுசன் சாகுமட்டும் ஆம்பிளைப் பிள்ளை இல்லை, பெயர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை எண்டு புலம்பினது. அப்ப முற்றம் கூட்டிக்கொண்டு நிண்டது ஆராம்? நான் நல்லாச் சிரிச்சன், வைத்தி. தனிய இருந்து சிரிச்சன்."

"அப்ப ஏன் என்னை வந்து பாக்கேல்லை?"

"எந்த முகத்தோடை வாறது? கதவைச் சாத்திப்போட்டியெண்டால்?"

நான் அவளுக்குப் பயந்து காருக்குள் ஒளிக்க, அவள் எனக்குப் பயந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். ஒரே இரத்தம் என்பதற்கு மூக்கைவிட இதுதான் நல்ல சாட்சி.

சந்தோசம்தான். ஆனால் மனம் ஒரு குரங்கு, கிடைத்ததோடு நிற்காது. அவள் பிரெஞ்சில்தான் சொன்னாள், அந்தப் பெட்டைக்குச் சொன்னாள். தமிழில் நான் இன்னும் நீதான், வைத்திதான். ஊருக்குள் எத்தனையோ பேர் என்னை அண்ணை என்கிறார்கள், கடையில் மரக்கறி நிறுக்கிறவன்கூட. அந்தச் சொல்லை இவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை ஆசையாக இருந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாதே.

தாதி வந்து அவளை உள்ளே கூட்டிப்போனாள். நான் பூமணிக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொன்னேனோ தெரியாது, அவள் அழுதுகொண்டே, "இரவைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாங்கோ, இடியப்பம் அவிக்கிறன்" என்றாள்.

சரோஜினி வெளியே வந்தபோது கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. நான் கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு வரவும் நிரோஷா பனியைத் தட்டிவிடாத சப்பாத்தோடு ஓடிவரவும் சரியாக இருந்தது.

"சொறி அம்மா, சொறி! மெத்ரோவும் நிண்டுட்டுது..." என்றவள் என்னைக் கண்டு நின்றாள். "இவர் ஆர்?"

"உன்ரை மாமா."

"எந்த மாமா? உங்களுக்குக் கூடப்பிறந்தவை ஒருத்தரும் இல்லை எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"பொய் சொன்னனான்."

"அப்ப இவர் எப்பவிருந்து உங்கடை அண்ணை?"

"நான் பிறந்த நாளிலை இருந்து" என்றாள் சரோஜினி.

நிரோஷா இங்கே பழகிவிட்ட பிள்ளை, அதிகம் யோசிக்கவில்லை. "போன்ஜூர், மாமா!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தாள், இந்த ஊர் வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் கொஞ்ச. அவள் என் நெஞ்சளவு, நான் ஆறடி. போதாததற்கு என் கால் தன்பாட்டில் ஓரடி பின்னுக்குப் போய்விட்டது. அவள் ஈரச் சப்பாத்தோடு நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்தாள்.

சரோஜினி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"குனியுங்கோ அண்ணை" என்றாள். "பிள்ளைக்கு எட்டேல்லை."